பெட்டியில்தான் கோளாறு

போர்டு உடைந்துதான் இருந்தது. கண்ணால் கண்ட பிறகு தனசிங்குக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. சாமான் உடைந்து கிடப்பதைப் பார்த்து எந்த மனுஷனாவது சந்தோஷப்படுவானா என்று கேட்டால், தனசிங் பட்டான். சனிக்கிழமை மத்தியானம், தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன் வேலை முடித்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றி, குமிழ்களைப் பிடுங்கி, உள்ளே இருந்த பச்சை போர்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். இருந்தது. காலால் மிதிக்கிற ஸ்விட்சின் அடியில் பிறந்து, தலைமுடி கனத்தில், போர்டின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது விரிசல். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கிற சின்ன இரும்புப் பெட்டி இது. ஒரு மிதி மிதித்தால் வாசித்த ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்து போகும். டிலே பெடல் என்று பேர், சபையில் எல்லாருக்கும் தனசிங் பிரதர் பெட்டி. போன ஞாயிறு ஆராதனையில் பாட்டு நடுவே கிட்டார் சத்தம் விட்டு விட்டு வந்ததே, அது இந்த விரிசலால்தான். விரலால் இல்லை. பெட்டியில்தான் கோளாறு, கையில் இல்லை. இதை மனதுக்குள் இரண்டாம் தடவை சொல்லும்போதே கொஞ்சம் இடறியது. உறுதியான சங்கதி என்றால் ஒரு தடவை சொன்னால் போதாதா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எங்கிருந்தோ அந்தப் பழமொழி எழுந்து வந்தது, அவன் அதை அப்படியே அமுக்கினான். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், இதோ வெளிச்சத்தில் தெரிகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஞாயிறு. இன்றைக்குள் ஒட்டிவிட்டால் நாளைக்கு வாசிக்கலாம். நாளைக்கு வாசித்தால் தெரிந்துவிடும்.

பச்சைப் பூச்சைப் பிளேடு முனையால் சுரண்ட வேண்டும், மெதுவாக. அடியில் செம்புக் கோடுகள் இருக்கின்றன, கரண்ட் ஓடுகிற பாதை, கனத்தில் வெங்காயத் தோல்கூட இல்லை, கொஞ்சம் அழுத்தினால் அதுவும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். விரிசல் நாலைந்து கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் சுரண்டி, ஈயம் பூசி, மேலே மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை வைத்துப் பற்றவைத்துப் பாலம் போட வேண்டும். இடது கை போர்டைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்தான். கொஞ்சமும் ஆடவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் போர்டின் ஓரத்தில் சொன்னபடி நின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல. கள்ள விரல்கள். ஸ்பேனர் பிடிக்கும், சோறு பிசையும், ஃபேக்டரியில் மோட்டார் காயிலுக்குள் நுழைந்து ஒரு வயரை மட்டும் தனியே இழுத்து வரும், கிட்டாரின் கழுத்தில் வைத்தால் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். வலி கிடையாது, மரப்பு கிடையாது. யாரோ உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி மெதுவாக மடங்கும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாளையங்கோட்டை டாக்டர் கிட்டாரைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஒரு அம்மா, நோயாளிகளுக்குப் பாட்டுப் பாடி ஜெபிக்க வந்தவன் என்று நினைத்து, எங்க வார்டுக்கும் ஒரு எட்டு வாங்க தம்பி என்று கூப்பிட்டது. டாக்டர் அவன் வாசிப்பதைப் பார்த்தார், விரல் மடங்குவதைப் பார்த்தார், தலையாட்டினார். "கை நல்லாத்தான் இருக்கு. மூளைக்கும் விரலுக்கும் நடுவுல உள்ள கணக்கு கலைஞ்சிருக்கு. ரொம்ப வாசிச்சவங்களுக்குத்தான் வரும்" என்றார். ரொம்ப வாசித்ததற்குத் தண்டனையா என்று கேட்க நினைத்து, "சரியாகுமா சார்?" என்று மட்டும் கேட்டான். "மத்த வேலையெல்லாம் செய்யலாம்ல, அதுக்கு ஒரு தடையும் இல்லையே" என்றார் அவர், சிரித்த முகத்தோடு. அதுதான் பதில் என்று பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகே அவனுக்குப் புரிந்தது. மத்த வேலை. இந்த உலகத்தில் அவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது, கிட்டார் வாசிப்பதற்கு நடுவே வயிற்றுக்காகச் செய்கிற வேலையைத் தவிர. பிளேடு வழுக்கியது. இல்லை, வழுக்கவில்லை. செம்பு பளிச்சென்று தெரிந்தது.

அடுக்களையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்கனி மாவு ஆட்டுகிறாள். சனிக்கிழமையே எல்லாவற்றையும் ஆட்டி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாக முன்வரிசைக்குப் போய்விடுகிறவள் அவள். கிரைண்டர் நடு நடுவே ஒரு சுற்றுக்கு முனகியது, பெல்ட் தளர்ந்திருக்கும், பார்க்க வேண்டும், அதுவும் மத்த வேலைதான். கை வரவில்லை என்று அவளிடம் சொன்ன அன்றைக்கே அவள் வெள்ளிக்கிழமை உபவாசம் எடுத்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயந்தரம் வரை முழங்காலில் நின்றாள். பல வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின. பிறகு ஒரு நாள் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு உறுதி வந்துட்டு அத்தான்" என்றாள். அவள் முகம் அப்போது இருந்த மாதிரி அதற்கு முன்னால் அவன் பார்த்ததில்லை. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைத்த பிறகு சொல்வது நன்றி, கிடைக்கும் முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று எழுந்து சொல்வதுதான் விசுவாசம். பாஸ்டர் வாரா வாரம் சொல்வார், காணாம சொல்லுங்க, அறிக்கை பண்ணுங்க, உங்க வாய்தான் பூட்டு, உங்க வாய்தான் சாவி. அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஜெயக்கனி தலையில் முக்காட்டோடு எழுந்தாள், மைக்கை வாங்கினாள். "என் வீட்டுக்காரர் கையைக் கர்த்தர் தொட்டுட்டாரு. சொகமாயிட்டு" என்றாள். சுகமாகும் என்று சொல்லவில்லை, சுகமாயிட்டு. சபை முழுக்க அல்லேலூயா என்று கைதட்டியது. பின்வரிசையில் ஒரு பாட்டையா அழுதுவிட்டார். எல்லாரும் மேடையில் கிட்டாரோடு நின்ற தனசிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்ன செய்வான். இடது கையைத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினான். தூக்குவதற்கும் விரிப்பதற்கும் அந்தக் கைக்கு என்ன குறை. அன்றோடு அவள் உபவாசத்தை நிறுத்தினாள், அவன் கைக்குத் தடவிவந்த தைலப் பாட்டிலைக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து கை எப்படி இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அவிசுவாசம். அவன் சொன்னதும் இல்லை. சொன்னால் அவளைச் சபை நடுவே பொய்க்காரி ஆக்கியதாகும். ஒரே வீட்டில், ஒரே பாயில், நடுவில் அந்தக் கை ஒரு மூன்றாம் ஆளாகப் படுத்துக் கிடந்தது, இரண்டு பேரும் அதை இடிக்காமல் புரண்டு படுத்தார்கள்.

ஈயம் உருகி மணம் வந்தது. தனசிங்குக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த மணம். முதல் இழையை வைத்தான், பிடித்துக்கொண்டது. இந்த விரிசல் எப்படி வந்தது என்பதை மட்டும் யோசிக்கக் கூடாது என்று அதைக் கண்டதிலிருந்தே வைராக்கியமாக இருந்தான், ஆனால் மனசு எந்தப் புண்ணைச் சொறியாமல் விட்டிருக்கிறது. உப்புக்காற்று என்று சொல்லிப் பார்த்தான். தூத்துக்குடிக் காற்று இரும்பையே தின்னும். ஆனால் உப்பு செம்பைப் பச்சையாக்கும், போர்டைக் குறுக்கே பிளக்காது. தூக்கிக்கொண்டு வரும்போது கீழே விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். எப்போது விழுந்தது, விழவில்லையே. விரிசல் ஸ்விட்சின் காலடியில் பிறக்கிறது. மிதித்து வந்த விரிசல். பிறந்த குழந்தையைத் தொடுகிற மாதிரி கால் விரலால் தொட்டாலே போதும் அந்த ஸ்விட்சுக்கு, அவன் இத்தனை வருஷமாக அப்படித்தான் தொட்டான். சாட்சிக்கு அப்புறம்தான் மிதிக்க ஆரம்பித்தான். விரல் மடங்கி ஒரு ஸ்வரம் விட்டுப் போகிற இடத்தில் பெடலை மிதித்துவிட்டால், முந்தின ஸ்வரத்தின் எதிரொலி வந்து அந்த ஓட்டையை மூடிவிடும், கேட்கிறவர்களுக்கு அண்ணன் இன்றைக்கு உருகி வாசிக்கிறார் என்று தோன்றும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை. ஞாயிறுக்கு ஞாயிறு ஓட்டை கூடியது, மிதியும் கூடியது, பயத்தில் செருப்பில்லாத குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தான். போன ஞாயிறு பெட்டி தாங்கவில்லை. எதிரொலி அறுந்தது, நேர்ச் சத்தமும் அறுந்தது, அவன் விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு நின்றதை அப்போது யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் ஸ்பீக்கரையே பார்த்தார்கள். பாஸ்டர் மைக்கில் சிரித்துக்கொண்டே, "பிரதர் கையைத் தொட முடியலன்னு சத்துரு பெட்டியில போய் உக்காந்துட்டான், அடுத்த வாரம் அவனையும் துரத்திருவோம்" என்றார். சபை சிரித்தது. ஜெயக்கனியும் சிரித்தாள். ஆக, இந்த விரிசலைப் பெற்றதும் அந்தக் கைதான். கையும் பெட்டியும் வேறு வேறு என்று இத்தனை நேரம் யாருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது இழையை வைத்தான். அதுவும் பிடித்துக்கொண்டது.

இன்னும் இரண்டு பாக்கி. ஒன்றை விட்டுவிட்டால் என்ன என்ற நினைப்பு அப்போது வந்தது. திடீரென்று வரவில்லை, முதலிலிருந்தே வாசலில் நின்றிருந்த ஆள் இப்போது உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி வந்தது. ஒரே ஒரு கோட்டை ஒட்டாமல் விட்டால் போதும், பெட்டி பேசாது, நாளைக்குக் கிட்டாரை எடுக்க வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம். கோளாறு பெட்டியில். பெட்டி இல்லாமல் வாசிக்கலாமே என்று யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். வாசிக்காமல் நான் எங்கே நிற்பேன் என்று அடுத்தபடியாக யோசித்தான். ஆண்கள் வரிசையில் நிற்க வேண்டும். பாட்டுக்கு எல்லாரும் கைதட்டுவார்கள், அவனும் தட்ட வேண்டும். வாலிப வயதிலிருந்து ஆராதனையில் அவன் கைதட்டியதே இல்லை, கையில் எப்போதும் கிட்டார் இருந்தது. ஜெபிக்கவும் தெரியாது. மற்றவர்கள் ஆறாகப் பேசுகிற இடத்தில் அவனுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வந்ததில்லை. சரணத்துக்கு முன்னால் வருகிற அந்த நீள வாசிப்பில் ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிக்கு ஏறிப் போகும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றிருக்கும், அதுதான் அவன் ஜெபம். கிட்டார் போனால் ஆண்டவருக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே ஒரு வழி வைத்திருந்தேனே ஐயா, அதில்தானா கை வைக்க வேண்டும் என்று நினைத்தான், நினைத்ததற்குப் பயந்தான், பயந்ததற்குக் கோபம் வந்தது. இதற்குள் இடது கை தன் பாட்டில் மூன்றாவது இழையை இடுக்கியால் எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பிடித்திருந்தது. வலது கை சால்டரிங் அயர்னைக் கொண்டுபோய்த் தொட்டது. நாலாவதும் ஆயிற்று. வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத கைகள், அவனைக் கேட்கவே இல்லை. மல்டிமீட்டர் முனைகளை இரண்டு பக்கமும் வைத்தான், பாதை சேர்ந்திருந்தால் அது கத்தும். கீ என்றது. அடுத்ததிலும் கீ என்றது. எல்லாவற்றிலும் கத்தியது. நல்ல செய்தி சொல்ல வந்த சனியன் என்று தோன்றியது.

பெட்டியை மூடவில்லை. அடாப்டரைச் செருகினான், கிட்டாரிலிருந்து ஒரு வயர், வீட்டு ஸ்பீக்கரான சின்ன ஆம்புக்கு ஒரு வயர். சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் இடது கையை வைக்காமல் கம்பியை மட்டும் மீட்டினான். ஸ்வரம் முழுசாக வந்தது, கரகரப்பு இல்லை, அறுப்பு இல்லை. அது போய்த் திரும்பி வந்தது, இன்னும் கொஞ்சம் மெலிந்து திரும்பி வந்தது, அறை முழுக்க நிறைந்தது. இவ்வளவு சுத்தமாக அந்தப் பெட்டி வாங்கின புதுசில்கூடப் பேசியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவேளை, என்று நினைத்தான். ஒருவேளை கோளாறு நிஜமாகவே பெட்டியில்தான் இருந்ததோ, சத்தம் அறுந்த பதற்றத்தில்தான் விரல் மடங்கியதோ, டாக்டருக்கு என்ன தெரியும், அவர் ஒரு பாட்டாவது வாசித்திருப்பாரா. அந்த நீள வாசிப்பை எடுத்தான். ஆறாவது கம்பி, ஐந்தாவது. ஆள்காட்டி விரல் நின்றது, நடு விரல் நின்றது. நாலாவது கம்பிக்குப் போகும்போது மோதிர விரல் மெதுவாக, அவசரமே இல்லாமல், உள்ளங்கையைப் பார்த்து மடங்கியது. சுண்டு விரல் அதன் பின்னாலேயே போனது. தனசிங் நிறுத்தினான். திரும்ப எடுத்தான், திரும்ப மடங்கியது. மெதுவாக வாசித்துப் பார்த்தான், வேகமாக வாசித்துப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு வலது கையால் அந்த விரல்களைப் பிரித்துக் கம்பியில் வைத்து இருங்கடா என்று சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஓட்டை விழுந்தது, சரியாகிவிட்ட பெட்டி அந்த ஓட்டையையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னது. இனி சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கிட்டாரை மடியில் படுக்கப் போட்டான். அப்போதுதான் கிரைண்டர் சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது என்று தெரிந்தது.

ஜெயக்கனி அடுக்களை நிலையில் நின்றிருந்தாள், முழங்கை வரை மாவு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, ஆம்பைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த அவன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும், இன்னும் சூடு ஆறவில்லை, ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, எதையாவது. அதற்குள் மேஜை மேல் ஃபோன் அடித்தது. பாஸ்டர். நாளைக்கு என்ன பாட்டு என்று கேட்பார், பெட்டி என்னவாயிற்று என்று கேட்பார். தனசிங் கையை நீட்டவில்லை. ஜெயக்கனி வந்து, சேலையில் ஒரு விரலைத் துடைத்து, எடுத்துக் காதில் வைத்தாள். "ஸ்தோத்திரம் பாஸ்டர். ஆமா, இருக்காங்க. இல்ல பாஸ்டர், பெட்டி சரியாகல. போர்டே உடைஞ்சுட்டுல்லா. சாமான் வெளிநாட்டுல இருந்து வரணுமாம், எப்பம் வரும்னு சொல்ல முடியாதாம். நாளைக்கு அவங்க வாசிக்கல பாஸ்டர். கைக்கு என்ன, கை நல்லாருக்கு. பெட்டிதான்." சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குரல் பிசிறாமல் சொன்னாள். வாசலில் வந்து நிற்கிற ஆளிடம் நான் இல்லைன்னு சொல்லு என்று அவன் சைகை காட்டினால், இருக்காங்க, ஆனா இல்லன்னு சொல்லச் சொல்லுதாங்க என்று சொல்லி மானத்தை வாங்குகிறவள் அவள். ஃபோனை வைத்தாள். "எப்பமிருந்து தெரியும் கனி?" என்று கேட்டான். அவள் ஆம்பின் ஸ்விட்சை அணைத்தாள். "சாட்சி சொன்னேன்லா அத்தான், அன்னைக்கு நீங்க கையைத் தூக்கிக் காட்டும்போது உங்க மொகத்தப் பாத்தேன். அதோட எனக்கு வந்த உறுதி எல்லாம் போச்சு." "பெறவு ஏன் ஒண்ணும் சொல்லல?" "சொகமாயிரும்னு நீங்க நம்புதீங்கன்னு நெனச்சேன். அதையும் நான் கெடுக்கவான்னு இருந்தேன்." மாவு காய்ந்த கையால் அவன் சுண்டு விரலைப் பிடித்து ஒரு தரம் நீட்டிவிட்டாள், அது நன்றாகத்தான் நீண்டது. பிறகு உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டாள். அவள் நம்புகிறாள் என்பதை வைத்துத்தான் தனசிங் இத்தனை ஞாயிறும் மேடையேறினான். அப்படியென்றால் அந்த வீட்டில் இவ்வளவு நாளும் நம்பியவர் ஒருவர்கூட இல்லை.